பழைய மாத நாவல் சேகரிப்பு: வேலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைவிரி கோலமாக ஒரு பெண், பின்னால் சுவரில் ஒரு நிழல், முன்னால் நகப்பூச்சு போட்ட கையில் கைத்துப்பாக்கி, ரத்தம் சொட்டும் எழுத்தில் தலைப்பு. இப்படி அட்டை போட்டுப் பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய நாவல்களைத் தேடுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். ஒரு மாதம் படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்காகவே அச்சடித்த சரக்கு இது. நல்ல நிலையில் கிடைப்பது அரிதாக இருப்பதற்கும் அதுதான் காரணம். கதையை மறுபதிப்பில்கூடப் படித்துக்கொள்ளலாம். அட்டை, விலை, விளம்பரம், வாசகர் கடிதம், லைப்ரரி முத்திரை எல்லாம் முதல் பிரதியில் மட்டும்தான் இருக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்த எண்ணத்தில் எழுதியவை.

எந்தெந்த நாவல்கள் இந்தக் கணக்கில் வரும்?

மூன்று தலைமுறையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. முதலாவது, ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி அய்யங்கார் காலத்துத் துப்பறியும் நாவல்கள். ரெய்னால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களைத் தழுவியவை இதில் நிறைய. இரண்டாவது, அணாவிலும் நயா பைசாவிலும் விலை போட்ட மர்ம நாவல்கள். தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால் இந்தத் தலைமுறை. மூன்றாவது, 1980, 90-களில் மாதாமாதம் வந்து குவிந்தவை: ராஜேஷ்குமாரின் துப்பறியும் ஜோடி விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி, புஷ்பா தங்கதுரை, ராஜேந்திரகுமார், இந்திரா சௌந்தர்ராஜன் என்று வரிசை நீளும். ராஜேஷ்குமார் ஒருவரே 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். எல்லாவற்றையும் வாங்கிவிடுவோம் என்று ஆரம்பித்தால் வீட்டில் படுக்க இடம் இருக்காது. ஒரு எழுத்தாளர், ஒரு இதழ் வரிசை, அல்லது ஒரு ஓவியர் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாருதி, ஜெயராஜ், ஷ்யாம் அட்டைகளை மட்டும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பிடிமானம் அது.

ஆரணி குப்புசாமி முதலியாரின் நாவல்கள் ஆரணியில் கிடைக்குமா?

பெயரில் ஊர் இருப்பதால் வரும் கேள்வி. ஆரணி அப்போது வட ஆற்காடு, இப்போது திருவண்ணாமலை மாவட்டம். புத்தகங்கள் சென்னையில் அச்சாகி எல்லா ஊருக்கும் போனவை. ஆகவே ஆரணியில் கிடைக்கும் வாய்ப்பும் மதுரையில் கிடைக்கும் வாய்ப்பும் ஒன்றுதான். அவர் 1925-ல் காலமானவர். கைக்கு வருவது பெரும்பாலும் பிற்காலப் பதிப்பாகவே இருக்கும். வெள்ளை மேப்லித்தோ தாள், கம்ப்யூட்டர் எழுத்து, பின்னட்டையில் பார்கோடு இருந்தால் மறுபதிப்பு. படிக்க வாங்குங்கள், பழசு என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கே, எப்போது தேடுவது?

பழைய புத்தகக் கடைக்கு வருவதற்கு முன்னால் இந்த நாவல்கள் பழைய பேப்பர் கடைக்குத்தான் வரும். அங்கே பொறுக்கினால்தான் உண்டு. புத்தகக் கடைக்காரர் அட்டை கிழிந்ததை எடுக்க மாட்டார். பேப்பர் கடைக்காரருக்கு அட்டை ஒரு பொருட்டே இல்லை. சின்னக் கடைகளிலிருந்து சரக்கு பெரிய கிடங்குக்குப் போகும், லாரி நிறைந்ததும் மில்லுக்குப் போகும். எனவே உங்கள் கடையில் லோடு எடுக்கும் நாள் எது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் போங்கள்.

வருஷத்தில் நல்ல பருவம் மார்கழிக் கடைசி வாரம். போகிக்கும் வெள்ளையடிப்புக்கும் பரணைக் காலி செய்கிற நேரம் அது. எரிக்காமல் எடைக்குப் போட்ட குடும்பங்களின் மூட்டைகள் தை முதல் வாரம் வரை கடையில் கிடக்கும். அடுத்தது ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். மே மாதத்தில் பள்ளிப் புத்தகங்கள்தான் மலையாகக் குவியும், நாவல் கண்ணில் படாது.

வேலூரோடு நிற்க வேண்டாம். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா எல்லாமே பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய ஊர்கள். மூடிப்போன லெண்டிங் லைப்ரரி (வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடை) பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். கடை போனாலும் அலமாரி யார் வீட்டு மாடியிலாவது இருக்கும். சென்னைக்குப் போவதென்றால் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே அல்லிக்குளம் கடைகள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு வியாபாரிகள் வந்த இடம் அது. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை (இப்போது பாரதி சாலை) நடைபாதையும் உண்டு.

எடைக்கு வாங்குவதா, எண்ணிக்கைக்கு வாங்குவதா?

பேப்பர் கடையில் எடைக்கு. கிரவுன் 1/8 என்ற கையடக்க அளவில் 96 பக்கம், நியூஸ்பிரிண்ட் என்றால் ஒரு நாவல் ஏறக்குறைய 60 கிராம். கிலோவுக்குப் பதினைந்து பதினாறு வரும். கடைக்காரர் வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான். அதைவிட முக்கியம், அடுத்த முறை அவரே தனியாக எடுத்து வைப்பார். ஒன்றிரண்டை மட்டும் உருவிக்கொண்டு பேரம் பேசினால் இந்த மரியாதை கிடைக்காது. மூட்டையைப் பிரிக்கும்போது கட்டுக் கயிறு பதிந்த மேல் பிரதியையும் அடிப் பிரதியையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் இருப்பவை பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

பக்கம் குறைகிறதா என்று கடையில் நின்றபடியே எப்படிப் பார்ப்பது?

நடுவில் பின் அடித்த நாவலில் ஒவ்வொரு தாளுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜோடி உண்டு. 96 பக்க நாவலில் ஜோடிப் பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 97 வரும். 3-4 உள்ள தாள் கிழிந்து போயிருந்தால் 93-94 உள்ள தாள் பிடிப்பில்லாமல் ஆடும். ஆகவே கடைசித் தாள்களை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஆடினால் முன்பக்கம் ஏதோ போயிருக்கிறது. அட்டையையும் சேர்த்துப் பக்க எண் போட்டிருந்தால் 100 பக்கத்துக்கு 101 என்று கணக்கு மாறும்.

பக்கவாட்டில் பின் அடித்து அட்டை ஒட்டியவற்றில் இந்த வித்தை செல்லாது. அதில் 16 பக்கம் ஒரு பாரம். 16-17, 32-33, 48-49 என்ற இடங்களில் மட்டும் விரித்துப் பக்க எண் தொடர்கிறதா என்று பாருங்கள். ஒரு பாரம் இரண்டு தடவை வந்து இன்னொன்று விட்டுப்போன பிரதிகளும் உண்டு. அச்சகத்திலேயே நடந்த தவறு அது, யாரும் கிழித்ததில்லை.

கடைசித் தாளைக் கட்டாயம் பாருங்கள். துப்பறியும் நாவலில் கொலையாளி மாட்டும் பக்கம்தான் முதலில் கழன்று போகும். பத்தாம் பக்கத்திலேயே ‘டாக்டர்தான் கொலைகாரன்’ என்று பென்சிலில் எழுதி வைத்த புண்ணியவான்களும் உண்டு. அதை அழிக்க வேண்டாம், அதுவும் அந்தப் பிரதியின் சரித்திரம்தான்.

ஆண்டு போடாத நாவலின் காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் விலையைப் பாருங்கள். அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன்பு. ‘ந.பை.’ (நயா பைசா) என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். வெறும் பைசா என்றால் அதற்குப் பிறகு.

அடுத்தது முகவரி. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ‘சென்னை-5’ என்று மட்டும் இருந்தால் பழசாக இருக்கலாம், ஆனால் பழைய வழக்கப்படியே எழுதியவர்கள் பல வருஷம் இருந்தார்கள். ‘சென்னை 600 005’ என்றிருந்தால் 1972-க்கு முன்பு இருக்கவே முடியாது. லைப்ரரி முத்திரைக்கும் இதே கணக்கு: ‘வேலூர் 632 001’ என்ற முத்திரை 72-க்குப் பிந்தியது. ‘வ.ஆ. மாவட்டம்’ (வட ஆற்காடு) என்பது 1989-ல் மாவட்டம் பிரிந்ததற்கு முன் செய்த முத்திரை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ரப்பர் முத்திரை தேயும் வரை யாரும் புதிது செய்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எழுத்து வடிவம் மூன்றாவது. லை, னை, ணை ஆகியவற்றில் யானைத் தும்பிக்கை போன்ற பழைய கொம்பும், றா, னா, ணா சுழித்த ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் ஈய எழுத்துக் காலம். சீர்திருத்த எழுத்துக்கான அரசாணை 1978-ல் வந்தது. ஆனால் ஈய எழுத்துப் பெட்டியை மாற்றப் பணம் வேண்டுமே! சிறிய அச்சகங்கள் பழைய எழுத்தையே தொடர்ந்து ஓட்டின. எனவே புது எழுத்து இருந்தால் 78-க்குப் பின் என்று பெரும்பாலும் நம்பலாம், பழைய எழுத்து இருந்தால் 78-க்கு முன் என்று அடித்துச் சொல்ல முடியாது.

‘மலர் 4 இதழ் 7’ என்று இருந்தால் அதிர்ஷ்டம். மாத இதழ் என்றால் மலரில் ஒன்று கழித்து 12-ஆல் பெருக்கி இதழ் எண்ணைக் கூட்டுங்கள்: 36 + 7, ஆக 43-வது வெளியீடு. வரிசையில் ஏதாவது ஒரு பிரதியின் மாதம் தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். பத்திரிகையாகப் பதிவு செய்த வெளியீடுகள் ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் உரிமையாளர், அச்சிடுபவர், ஆசிரியர் விவரத்தைப் ‘படிவம் 4’ என்று வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே மார்ச் இதழ் கிடைத்தால் விடாதீர்கள். அந்த ஒரு பக்கம் வரிசை முழுவதற்கும் சாட்சி.

லெண்டிங் லைப்ரரி முத்திரை இருந்தால் மதிப்புக் குறையுமா?

கண்ணாடிபோல் புதுப் பிரதி தேடுகிறவருக்குக் குறையும். எங்களைக் கேட்டால் முத்திரையுள்ள பிரதியையே எடுங்கள். லைப்ரரிக்காரர்கள் முதல் பக்கத்தில் ஒன்று, யாரும் எதிர்பார்க்காத உள்பக்கம் ஒன்றில் இன்னொன்று என்று குத்துவார்கள். அட்டையைக் கிழித்துவிட்டு ‘என்னுடையது’ என்று சொன்னாலும் பிடிபட வேண்டும் என்பதற்காக. ஒரே கடையின் ரகசியப் பக்கம் எல்லாப் பிரதியிலும் ஒன்றாகவே இருக்கும். அது எது என்று தெரிந்துவிட்டால், முத்திரை தேய்ந்த பிரதியும் எந்தக் கடையுடையது என்று கண்டுபிடித்துவிடலாம்.

நாலைந்து நாவலைச் சேர்த்து பைண்டு செய்த வால்யூமைப் பிரிக்கலாமா?

வேண்டாம். பைண்டு செய்தவர் மூன்று பக்கமும் ஓரம் வெட்டியிருப்பார், முதுகுப் பக்கம் துளை போட்டுத் தைத்திருப்பார். பிரித்தால் ஓரமும் கிடையாது, முதுகும் கிடையாது, உதிரித்தாள்தான் மிஞ்சும். உள்ளே அட்டைகளை விட்டு வைத்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் நல்ல வால்யூம்.

வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதை பைண்டிங் தனி ரகம். வாராவாரம் வந்த ஓவியங்கள் அதில்தான் இருக்கும், புத்தகமாக வந்தபோது பெரும்பாலும் விடுபட்டிருக்கும். கையால் எழுதி ஒட்டிய தலைப்புச் சீட்டைத் தவறியும் பிய்க்காதீர்கள்.

ஒரே கதை இரண்டு பெயரில் கிடைக்கிறதே?

சகஜம். பழைய நாவலுக்குப் புதுத் தலைப்பும் புது அட்டையும் போட்டு மறுபடி விற்பதுண்டு. முதல் அத்தியாயத்தின் முதல் வரியையும் கடைசி அத்தியாயத்தின் கடைசி வரியையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள். தலைப்பு மாறினாலும் இவை மாறாது. எழுத்தாளர் பெயரே மாறியிருந்தாலும் இதில் தெரிந்துவிடும்.

பூச்சிக்கு என்ன செய்வது?

புதிதாக வந்த பிரதியை நேராக அலமாரியில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு பிரதியில் வந்த பூச்சி மொத்த அலமாரியையும் முடித்துவிடும். தடித்த பாலிதீன் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை டேப் போட்டு மூடி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. உடனே பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வேர்த்துப் படியும், அட்டை ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி வைக்கும் அறை போதாது, அந்தக் குளிருக்குப் பூச்சி முட்டை சாகாது.

ஃப்ரீசர் இல்லாதவர்கள் புதுப் பிரதிகளைத் தனிப் பெட்டியில் இரண்டு மாதம் வைத்து, வாரம் ஒருமுறை அடியில் விரித்த வெள்ளைத்தாளைப் பாருங்கள். பொடி விழுந்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். வேப்பிலை, வசம்பு எல்லாம் இராமபாணப் பூச்சியை ஓரளவு விரட்டும், உள்ளே துளைத்துப் போனதைக் கொல்லாது. வேப்பிலையைத் தாளுக்கு நடுவில் செருகினால் பச்சைக் கறை நிரந்தரம்.

பின் துருப்பிடித்திருக்கிறது. எடுப்பதா, விடுவதா?

துரு தாளில் பரவ ஆரம்பித்துவிட்டால் எடுத்துவிடுங்கள். பின் பிடுங்கும் கொறடு வேண்டாம், அது தாளோடு வரும். நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மொட்டைக் கத்தியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்துங்கள். பிறகு அட்டைப் பக்கத்திலிருந்து நேராக இழுங்கள். துருத் தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதே இரண்டு துளை வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டால் போதும். இறுக்கக் கூடாது, இறுக்கினால் மக்கிய தாளை நூல் கத்தி மாதிரி அறுக்கும்.

கிழிந்த அட்டையை எதனால் ஒட்டுவது?

முதலில், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், படலம் தானாக உதிரும், கறை போகாது.

ஒட்டுவதற்கு சி.எம்.சி. நல்லது. வேலூரில் சி.எம்.சி. என்றால் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும், இது கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் என்ற வெள்ளைப் பொடி. 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம், கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் கூழாக இருக்கும். ஒரேயடியாகக் கொட்டினால் மீன்முட்டை மாதிரி கட்டிகள்தான் மிஞ்சும். ஜப்பான் டிஷ்யூத் தாளைக் கத்தரிக்காமல், கிழிசலைவிட இரண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் அகலம் கூட வருமாறு கையால் கிழித்துக்கொள்ளுங்கள். கிழிந்த இழைகள்தான் பிடித்துக்கொள்ளும். அட்டையின் உள்பக்கத்தில் மட்டும் ஒட்டி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி விடுங்கள். பைண்டர்கள் மயில்துத்தம் கலந்து காய்ச்சும் மைதாப் பசை வலுவானது, ஆனால் நியூஸ்பிரிண்டுக்கு ஈரம் அதிகம், தாள் சுருங்கிவிடும்.

ஏற்கெனவே ஒட்டிய பழைய டேப்பை எடுக்கத் தின்னர், பெட்ரோல் பக்கம் போகாதீர்கள். அட்டையின் பளபளப்பும் மசியும் கரைந்து ஓடும்.

வேலூர் வெயிலில் எங்கே வைப்பது?

நியூஸ்பிரிண்ட் மரக்கூழ்த் தாள். அதில் உள்ள லிக்னின் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மஞ்சளாகி, அமிலமாகி, நொறுங்கும். மே மாதம் 40 டிகிரி தாண்டும் ஊரில் மொட்டை மாடி அறையும் பரணும் தாளுக்கு அடுப்பு மாதிரி. தரைத்தள நடு அறையில், வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஓதம் ஏறும், அதற்குத்தான் இடைவெளி. இரும்பு பீரோ பரவாயில்லை, ஆனால் மாதம் ஒருமுறை மழையில்லாத நாளில் கதவைத் திறந்து ஃபேன் போடுங்கள்.

துணிக்கடையில் சட்டைக்குப் போடும் மொறமொறப்பான பி.பி. (பாலிபுரோப்பிலீன்) கவர் தனிப் பிரதிக்குப் போதும். வழுவழுப்பாக, நாற்றம் வரும் பி.வி.சி. கவர் வேண்டாம், அட்டை மசி அதில் ஒட்டிக்கொள்ளும். நிற்க வைத்து அடுக்குங்கள். சாய்ந்தால் முதுகு வளையும், நெருக்கினால் எடுக்கும்போது அட்டை உரியும்.

நனைந்துவிட்டால்?

வெயிலில் போடாதீர்கள், அப்பளம் மாதிரி ஆகிவிடும். முதல் வேலை, பளபளப்பு அட்டையை அடுத்த தாளிலிருந்து ஈரமாக இருக்கும்போதே பிரித்து இடையில் பட்டர் பேப்பர் வைப்பது. காய்ந்த பிறகு பிரிக்க முடியாது. பிறகு பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாள் செருகி, ஃபேன் காற்றில் நிமிர்த்தி வைத்து, இரண்டு மணிக்கொருமுறை தாளை மாற்றுங்கள். நிறைய நனைந்திருந்தால் அன்றைக்குக் கைக்கு எட்டாததை ஃப்ரீசரில் போட்டுவிட்டுப் பின்னால் ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

‘மஞ்சள் புத்தகம்’ சேர்ப்பது சட்டப்படி தப்பா?

ஆபாசப் புத்தகத்தை விற்பது, வாடகைக்கு விடுவது, பகிர்வது, பொதுவில் காட்டுவது, இவற்றுக்காக வைத்திருப்பது போன்றவைதான் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 292, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 294. சொந்தமாகப் படிக்க ஒரு பிரதி வைத்திருப்பது அந்தப் பிரிவில் வராது. அட்டையைப் படமெடுத்துப் போடுவதும் விற்பதும் வரக்கூடும். சிறார் சம்பந்தப்பட்டது எதுவானாலும் வைத்திருப்பதே குற்றமாகலாம், தொடாதீர்கள். மற்றபடி, கவர்ச்சி அட்டை போட்ட மாத நாவல்களில் பெரும்பாலானவை உள்ளே ரொம்ப சாதுவானவை. அட்டையில் இருக்கிற காட்சி கதையிலேயே வராது.

ஸ்கேன் செய்து நண்பர்களுக்கு அனுப்பலாமா?

ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடியும் வரை பதிப்புரிமை உண்டு. குப்புசாமி முதலியார், 1942-ல் காலமான வடுவூரார் நாவல்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. 80-களின் நாவல்களுக்கு உண்டு, எழுதியவர்கள் பலர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பாதுகாப்புக்கென்றால் பக்கங்கள் 300 டிபிஐ, அட்டை 600 டிபிஐ. முதுகை மடக்கி அமுக்காமல் பாதி விரித்தபடியே எடுங்கள். அரிய பிரதி கிடைத்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.

வங்காளி, இந்தி நாவல்களும் மூட்டையில் வருகின்றனவே?

சிகிச்சைக்காக வடக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் உள்ள ஊர் இது. மீரட்டில் அச்சான இந்தி துப்பறியும் நாவல்களும் ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் நாவல்களும் வந்தால் ஆச்சரியமில்லை. படிக்கத் தெரியாவிட்டாலும் அட்டைக்காக எடுக்கலாம். மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள்.

வீட்டில் யாராவது எடைக்குப் போட்டுவிட்டால்?

சேகரிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் அழிகின்றன, கரையானுக்கு இரண்டாம் இடம்தான். பதிவேடு ஒன்றைப் பீரோவிலேயே வையுங்கள். தலைப்பு, ஆசிரியர், மலர்-இதழ், விலை, எங்கே வாங்கியது, என்ன கொடுத்தது, குறை என்ன என்று ஒரு பிரதிக்கு ஒரு வரி போதும். ஒவ்வொரு பெட்டியின் இரண்டு பக்கமும் தடித்த பேனாவால் ‘எடைக்குப் போடாதீர்கள்’ என்றும், கீழே யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு நண்பரின் பெயரும் நம்பரும் எழுதுங்கள். போகிக்கு ஒரு வாரம் முன்னால் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.